கால்பந்துக் கரையில் ஒரு சக்கக்குருப் பந்து: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

2025 ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், நாகர்கோவிலில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருட்கள் கடையில் கையில் ஏந்தி ஓடி ஆடும் ரக்பிக்கான முட்டை வடிவப் பந்துகள் மூன்றையும், அந்த ஆட்டத்துக்கான ஒரு கட்டு இடுப்புப் பட்டைகளையும் வாங்கினேன். அளவு 4 பந்துகள் இரண்டு, ஒவ்வொன்றும் 850 ரூபாய். அளவு 5 பந்து ஒன்று, 1,150 ரூபாய். இரு பக்கமும் துணி வால் ஒட்டித் தொங்கும் பட்டைகள் பன்னிரண்டு, மொத்தம் 1,800 ரூபாய். பந்துகள் ஜலந்தரில் தயாரானவை என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். வாங்கிய மூன்றில் ஒன்று கெட்டுப்போனது. அந்த ஒன்றை வைத்து ஒரு தயாரிப்பாளரையோ ஒரு கடையையோ ஊரறியக் குறை சொல்வது முறையல்ல என்பதால் இரண்டின் பெயரையும் எழுதவில்லை. இந்த விலையில் கிடைக்கும் பந்து நம்முடைய கடற்கரையில் எப்படி உழைக்கிறது, அதை வாங்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் வட்டாரத்தில், உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். இந்தக் கரையில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு அல்ல என்பதை இங்கே ஒருமுறை வந்துபோனவர்களும் அறிவார்கள். நடக்கப் பழகும் பிள்ளையின் காலருகில் பந்து கிடக்கும். திருவிழா நாட்களில் கோயில் மைதானத்தைச் சுற்றி நிற்க இடமிருக்காது. சந்தோஷ் கோப்பையில் ஆடும் அளவுக்குத் தேறியவர்கள் இந்த ஊர்களிலிருந்து போயிருக்கிறார்கள். உலகக்கோப்பை ஆண்டுகளில் ஒரே தெருவின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலவெள்ளையாகவும் மாறிவிடும். பிரேசில் வீடு, அர்ஜென்டினா வீடு என்று அடையாளம் சொல்லி வழி கேட்டால் சரியாகக் கொண்டுபோய் விடுவார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு நான் கோணல் பந்தைக் கொண்டுவந்ததற்குக் காரணம் கால்பந்தின் மீதான குறை எதுவும் இல்லை. மாலை நான்கரை மணிக்கு மேல் மைதானத்தில் என் மாணவிகளுக்கு இடம் கிடைப்பதில்லை என்பதுதான் காரணம். மைதானத்தின் நடுவில் பெரிய பையன்கள், கோலுக்குப் பின்னால் சின்னப் பையன்கள், ஓரத்தில் வயதானவர்கள் என்று எல்லா இடமும் தலைமுறை தலைமுறையாகப் பங்கிடப்பட்டுவிட்டது. பெண்பிள்ளைகள் பந்தைக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை; ஆனால் ஐந்து நிமிடத்தில் அந்தப் பந்து எப்படியோ பையன்களின் காலுக்குப் போய்விடும்.

பிரேசிலின் கதையைப் படித்தபோது இந்த வேதனையை நான் அடையாளம் கண்டுகொண்டேன். உலகத்துக்கே கால்பந்தின் அழகைக் காட்டிய அந்த நாட்டில், 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவதைச் சட்டமே தடுத்திருந்தது. 1965-இல் வந்த ஆணையொன்று பெண்களுக்கு ஆகாத விளையாட்டுகளின் பட்டியலை வெளியிட்டபோது, கால்பந்தோடு ரக்பியின் பெயரையும் அதில் எழுதிவைத்தது. அப்படி விலக்கப்பட்ட ஆட்டத்தைத்தான் பின்னால் வந்த பெண்கள் கையில் எடுத்தார்கள். எழுவர் ரக்பியை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று 2009-இல் முடிவானதும், 2016 ஒலிம்பிக் ரியோவுக்கு வந்ததும் அவர்களுக்கு உதவின. 2016, 2020, 2024 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் பிரேசில் மகளிர் எழுவர் அணி ஆடியிருக்கிறது. பதினைந்து பேர் ஆடும் முழு ரக்பியில், 2025-இல் இங்கிலாந்தில் நடந்த மகளிர் உலகக்கோப்பைக்குத் தகுதிபெற்று, தென்னமெரிக்காவிலிருந்து அந்தப் போட்டிக்குள் நுழைந்த முதல் அணி என்ற பெயரை எடுத்தது. அதே பிரேசிலின் ஆண்கள் அணி இன்றுவரை ஒரு ரக்பி உலகக்கோப்பையிலும் ஆடியதில்லை. கால்பந்து முழு இடத்தையும் பிடித்துக்கொண்ட நாட்டில், இடம் கிடைக்காதவர்கள் வழியாகத்தான் இன்னொரு ஆட்டம் வேர்பிடித்திருக்கிறது. நம்முடைய கரையிலும் அது நடக்கும் என்று நம்பித்தான் 4,650 ரூபாய் செலவழித்தேன்.

இனிப் பந்துக்கு வருகிறேன்.

உறையைப் பிரித்த அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘இது சக்கக்குருல்லா டீச்சரே’ என்றாள். பலாக்கொட்டையைச் சக்கக்குரு என்று சொல்லும் ஊர் இது. அன்றிலிருந்து பந்துக்கு அதுவே பெயர். நான்கு துண்டுகளைக் கையால் தைத்துச் சேர்த்த பந்து. மேல்தோல் செயற்கை ரப்பர். அதில் வாழைப்பழத் தோலின் புள்ளிகளைப்போல் நெருக்கமாகப் பொடிமுளைகள் எழுப்பியிருக்கிறார்கள். அளவு 5 பந்து விதிப்படி 28 முதல் 30 செண்டிமீட்டர் நீளமும், நீளவாக்கில் சுற்றினால் 74 முதல் 77 செண்டிமீட்டரும், குறுக்கே சுற்றினால் 58 முதல் 62 செண்டிமீட்டரும், 410 முதல் 460 கிராம் எடையும் இருக்கவேண்டும். நாடாவால் அளந்தேன், மூன்று அளவும் சரியாக இருந்தன. எடைக்கு, சாலையோரம் மீன் விற்கும் அக்காவிடம் கேட்டு அவருடைய எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 432 கிராம் காட்டியது. கூடவே பள்ளியின் பழைய கால்பந்தையும் வைத்தேன், 428. ஆளைப் பயமுறுத்தும் உருவத்தில் இருந்தாலும், இந்தப் பந்தின் எடை பிள்ளைகள் நாள்தோறும் உதைக்கும் பந்தின் எடைதான் என்பதை அந்தத் தராசே எல்லார் கண்முன்னும் காட்டிவிட்டது. அக்காவின் மகள் அடுத்த வாரமே பயிற்சிக்கு வந்தாள்.

பிடிமானம்தான் இந்தப் பந்தின் சிறந்த குணம். காய்ந்த கையிலும், லேசாக வியர்த்த கையிலும், தூறல் மழையிலும் நழுவவில்லை. காலையில் மீன் அரிந்துவிட்டு வரும் பிள்ளைகளின் கையில் எவ்வளவு கழுவினாலும் ஒரு நெய்ப்பு மிஞ்சியிருக்கும். அந்தக் கைகளிலும் பந்து நின்றது. ஆனால் கடற்கரை மணலில் ஆடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. நம் கரையின் ஈரமணல் மிக நுண்மையானது. அது முளைகளுக்கு இடையே போய் அடைத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் பந்தை வழவழப்பாக்கிவிடுகிறது. இதற்குக் கண்டுபிடித்த வழி எளிது. ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவைக்கவேண்டும். உப்புத்தண்ணீர் பட்ட பந்தை அப்படியே வெயிலில் வைத்தால் ரப்பர் வெளுத்து, முளைகள் உதிரத் தொடங்குகின்றன. இரண்டு அளவு 4 பந்துகளில் ஒன்றை நான் ஒரு வெள்ளிக்கிழமை மறந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் சாம்பல் நிறமாகியிருந்தது. அந்தப் பக்கம் இன்றுவரை பிடிமானம் குறைவாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பிடிக்கும்போதே திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

தையல் பற்றி இவ்வளவு நல்லபடியாகச் சொல்லமுடியவில்லை. ஒரு மாதம் ஆடியபின் அளவு 5 பந்து அலையில் விழுந்து கால்மணி நேரம் கடலில் மிதந்தது. துடைத்துத் தராசில் வைத்தால் 468 கிராம். ரப்பர் தோல் தண்ணீரைக் குடிக்காது; தையல் ஓட்டைகள் வழியாக நீர் உள்ளே போய், தோலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் துணி அடுக்குகளில் ஊறியிருக்கிறது என்று பொருள். இரண்டு நாள் காய்ந்தபின்தான் பழைய எடைக்கு வந்தது. புல் மைதானத்தில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கரையை விடாமல் ஆடும் எங்களுக்கு இதுவே பெரிய குறை.

பெரிய நஷ்டம் காற்றடிப்பதில் வந்தது. ரக்பி பந்தில் இருக்கவேண்டிய காற்றழுத்தம் ஒன்பதரை முதல் பத்து பி.எஸ்.ஐ. வரைதான். கால்பந்துக்கோ எட்டரையிலிருந்து பதினைந்தரை வரை விதி இடம் தருகிறது. நம் ஊர்ப் பையன்கள் பந்தைக் கல்லாக இறுக்கித்தான் ஆடுவார்கள். ஆறாவது வாரம், நான் விடுப்பிலிருந்த நாளில், யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு அளவு 4 பந்தையும் அப்படியே இறுக்கிவிட்டார். மறுநாள் வால்வை ஒட்டிய தையலில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் விட்டு, உள்ளிருக்கும் பிளாடர் என்ற காற்றுப்பை சிறு கொப்புளமாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. இதில் எங்கள் தவறு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வால்வைச் சுற்றி உள்ளே ஒரு துண்டு ஒட்டி வலுப்படுத்தியிருந்தால் ஒருநாள் இறுக்கத்துக்குப் பந்து போயிருக்காது. பந்தின் மீது அழுத்த அளவு எங்கேயும் அச்சிடப்படவில்லை. கூடவே கொடுத்த கைப்பம்பில் அளவுமானி இல்லை. கால்பந்து மட்டுமே அறிந்த ஊருக்கு விற்கும் பந்தில் இந்த ஒரு வரி இல்லாதது பெரிய பிழை.

பிளந்த பந்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ‘தண்ணி பட்ட பந்துக்கு மாத்திக் கொடுக்க வழியில்லை டீச்சர்’ என்பதற்கு மேல் வேறு பேச்சு வரவில்லை. தண்ணீர் பட்டதற்கும் தையல் விட்டதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். ரசீதில் எழுதியிருக்கிறது என்று காட்டினார். பொடி எழுத்தில் எழுதியிருந்தது உண்மைதான். கடைசியில் கோட்டாறில் செருப்பும் பையும் தைக்கும் ஒரு பெரியவர் மெழுகு பூசிய நூலால் அந்த இடத்தை இருமடங்காகத் தைத்துக் கொடுத்தார். 60 ரூபாய் வாங்கினார். ஜூலை மாதத்திலிருந்து இன்றுவரை அந்தத் தையல் விடவில்லை. பந்து இப்போது தையல் இருக்கும் பக்கம் சற்றே சாய்ந்து சுழல்கிறது, பயிற்சிக்குப் போதும்.

இடுப்புப் பட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: வாங்கவேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கான ரக்பியில் ஆளைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவது கிடையாது; இடுப்பில் தொங்கும் வாலைப் பறித்தால் போதும், பந்து வைத்திருப்பவர் அதை உடனே கைமாற்றவேண்டும். முறை அருமையானது. ஆனால் வாலைப் பட்டையோடு ஒட்டவைக்கும் வெல்க்ரோவில் மணல் ஏறியதும் இரண்டே வாரத்தில் ஒட்டும் தன்மை போய், ஓடும்போதே வால் தானாக விழத் தொடங்கியது. யார் பறித்தது, தானாக விழுந்ததா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் தகராறு. இப்போது பழைய சேலைக் கரையை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து, அரைக்கால்சட்டையின் இரு பக்கமும் செருகிவிடுகிறோம். செலவில்லை, தகராறும் இல்லை. உதை மேடை என்று சிறு பிளாஸ்டிக் தாங்கி ஒன்றும் கடையில் காட்டினார்கள், நல்லவேளை வாங்கவில்லை. பெரிய போட்டிகளிலேயே ஒரு காலத்தில் மணலைக் குவித்து அதன்மேல் பந்தை நிறுத்தித்தான் உதைத்தார்கள். நம்மிடம் மணலுக்கா பஞ்சம்?

ஆட்டத்தின் உள்ளே இந்தப் பந்து எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லாமல் மதிப்பீடு முழுமையாகாது. ரக்பியில் பந்தைக் கையால் முன்னே எறியக்கூடாது; பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கவேண்டும். முன்னேறுகிற ஆள் பின்னால் கொடுக்கவேண்டும் என்பது கால்பந்துப் பிள்ளைகளுக்கு மனதில் ஏற மூன்று வாரம் பிடித்தது. அதைவிடக் கடினம் பந்தைச் சுழற்றி எறிவது. நீளவாக்கில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போனால்தான் பந்து காற்றைக் கிழித்து நேராகப் போகும். இல்லாவிட்டால் அடிபட்ட கோழியைப்போல் தத்தளித்து விழும். நான் காணொளி பார்த்துக் கற்று, கற்றதைச் சொல்லிக்கொடுத்தும் பந்து சுழலவில்லை. ஜூலை மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, ஆட்களும் கரையில் இருந்தார்கள். பொழிமுகத்தில் வீச்சுவலை வீசும் ஒரு மாணவியின் அப்பா அன்று கரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்துவந்து பந்தை வாங்கினார். கால்களை அகட்டி, இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ, பந்தை விட்டார். அது இருபது அடிக்கு அப்பால் நின்றவள் மார்பில் நேராகப் போய்ச் சேர்ந்தது. ‘வலை வீசுத மாதிரிதான் டீச்சரே, கையை வச்சு எறியப்படாது, இடுப்பை வச்சு எறியணும்’ என்றார். பந்தைப் பற்றி அவருக்கு அதற்குமுன் ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பிள்ளைகள் சுழற்றி எறிந்தார்கள். பந்தின் வடிவம் சீராக இருந்ததால்தான் இது முடிந்தது. இந்த விலைப் பந்தில் அதைப் பாராட்டியே ஆகவேண்டும்.

கால்பந்துக் கால் வீணாகிவிடுமோ என்று சில பெற்றோர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. அந்த நாட்டில் 1899-லேயே ரக்பிக்கு ஒரு சங்கம் உண்டு. ஆனால் நெடுங்காலம் அது சில கழகங்களுக்குள்ளும் சில பள்ளிகளுக்குள்ளும் அடங்கிய ஆட்டமாகவே இருந்தது. 2007 உலகக்கோப்பையில்தான் நாடு முழுவதும் அதைத் திரும்பிப் பார்த்தது. போட்டியை நடத்திய பிரான்சைத் தொடக்க ஆட்டத்திலேயே 17-12 என்று வென்று, கடைசியில் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்திலும் அதே பிரான்சை 34-10 என்று வென்றார்கள். ஸ்காட்லாந்துடன் காலிறுதி நடந்த நாளில், அந்த நாட்டின் பரம எதிரிக் கால்பந்துக் கழகங்களான பொக்கா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும் மோதும் கால்பந்து ஆட்டத்தின் நேரத்தையே மாற்றிவைத்தார்கள். பொக்கா–ரிவர் ஆட்டம் என்றால் என்னவென்று இந்தக் கரையில் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ரக்பிக்காக அதன் நேரத்தையே மாற்றினார்கள் என்று சொன்னபோது ஒரு மாணவியின் அண்ணன் நம்பாமல் இரண்டுமுறை கேட்டான். அந்த அணியில் ஹுவான் மார்ட்டின் எர்னாண்டஸ் என்று ஒருவர் ஆடினார். அவருடைய நெருங்கிய உறவினர் பத்ரிசியோ எர்னாண்டஸ் 1982 கால்பந்து உலகக்கோப்பைக்கான அர்ஜென்டினா அணியில் இருந்தவர். அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹுவான் ஓடும் ஓட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு, எழும்போதே உதைத்து, மூன்றுமுறை கம்பத்துக்கு இடையே செலுத்தினார். ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. கால்பந்து ஊரில் வளர்ந்த கால் ரக்பியில் வீணாவதில்லை, அதுவே மூலதனம்.

அந்த உதையை எங்கள் பிள்ளைகளும் முயன்றார்கள். மணலில் முடியாது, ஏனென்றால் பந்து தரையைத் தொட்டு எழவேண்டும். மணலில் விழுந்தால் அப்படியே புதைந்துபோகும். கோயில் மைதானத்தின் கெட்டித் தரையில், பையன்கள் வருவதற்கு முன்னால், மூன்று மணி வெயிலில் பழகினோம். பந்தின் முனை தரையில் படுகிற கோணம் இம்மி மாறினாலும் எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது. பத்தில் ஏழுமுறை தவறும். ஆனாலும் சேர்ந்த மூன்று உதையிலும் கால் பட்ட சத்தமே வேறாக இருந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பையன்கள் முதன்முறையாக எங்களிடம் வந்து, ‘நாங்களும் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டா’ என்று கேட்டார்கள். மைதானத்தில் எங்கள் பந்தை அவர்கள் கேட்டு வாங்கிய அந்த நாள் எனக்கு மறக்காது.

ஆகஸ்ட் மாதம் பிரேசில் பெண்கள் தங்களுடைய முதல் உலகக்கோப்பை ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவிடம் 66-6 என்று தோற்றார்கள். அதன் காட்சிகளைக் கைப்பேசியில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பிரேசில் என்றால் வெற்றி என்றே வளர்ந்த மஞ்சள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் முகம் வாடிப்போனார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும், ‘அவியளும் இப்பத்தானே படிச்சிட்டு வாராவ’ என்றாள். அந்தக் குழுவின் மூன்று ஆட்டங்களிலும் பிரேசில் தோற்றது. ஆனால் அடுத்த நாள் பயிற்சிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை.

நம் நாட்டுக்கும் இந்தப் பந்து புதிதல்ல என்பதை ஓர் இடைக்குறிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் 1873-இல் தொடங்கிய ரக்பி கழகம் சில ஆண்டுகளிலேயே கலைந்தபோது, வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. கால்பந்து மோகம் கொண்ட கல்கத்தா அன்று உருக்கிய ஆட்டம் நூறாண்டுகளுக்குமேல் கழித்து ஒடிசாவிலும் பீகாரிலும் பெண்பிள்ளைகளின் கையில் மறுபடி முளைத்திருக்கிறது. 2019-இல் மணிலாவில் இந்திய மகளிர் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்று, பதினைந்து பேர் ரக்பியில் தன் முதல் பன்னாட்டு வெற்றியைப் பெற்றது. 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை வென்றதும் சென்னையின் பெயரைத் தாங்கிய அணிதான். குமரியிலிருந்து பார்த்தால் இவையெல்லாம் தொலைவில் இருப்பவை. ஆனாலும் பிள்ளைகளிடம் சொல்லவேண்டியவை.

காயம் பற்றிய பயம் நியாயமானது. நாங்கள் இதுவரை ஆளை வீழ்த்தும் ஆட்டத்துக்குப் போகவில்லை. முறையாகப் பயின்ற பயிற்சியாளர் இல்லாமல் போகவும் மாட்டோம். வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து வடிவம் எடுக்கும் பல்காப்பு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் பழகிக்கொள்வதற்காக மட்டும்.

அர்ஜென்டினாவில் ஆட்டத்தின் இரண்டு பாதிகள் முடிந்தபின் மூன்றாம் பாதி என்று ஒரு வழக்கம் உண்டு: மோதிய இரு அணிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும். சனிக்கிழமைகளில் நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். மரச்சீனிக்கிழங்கு அவித்ததும் மீன்கறியும் கட்டன் சாயாவும். இதற்காகவே வரும் பிள்ளைகளும் உண்டு; வரட்டும். கழிந்த மாதம் பக்கத்து ஊரிலிருந்து பதினொரு பிள்ளைகள் ஆட வந்தார்கள். அவர்களிடம் பந்து இல்லை. போகும்போது தையல் போட்ட அந்த அளவு 4 பந்தைக் கொடுத்தனுப்பினேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பதினான்கு வயதுவரை அளவு 4 போதும். கைக்குச் சேராத பெரிய பந்தை முதலில் கொடுத்தால் பிள்ளை பந்தைக் கண்டே பயப்படும். கடையிலேயே காற்றடித்துத் தரச்சொல்லி, வால்வைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே தோல் மெத்தென்று உள்வாங்கினால் வேறு பந்தைக் கேளுங்கள். தையல் நூல் வெளியே தெரிந்தால் கடற்கரைக்கு ஆகாது. அளவுமானி உள்ள பம்புக்கு 400 ரூபாய் கூடுதலாகச் செலவானாலும் அதைத் தவிர்க்கவேண்டாம். பந்தைக் காப்பது அதுதான். பிடிமானத்துக்கும் வடிவத்துக்கும் இந்தப் பந்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தையலுக்கும் வால்வுக்கும் பாராட்டமுடியவில்லை. 850 ரூபாய்க்கு ஒரு கால்பந்துக் கரையில் ஏழு மாதம் தாக்குப்பிடித்தது என்பதையும், தாக்குப்பிடித்ததில் பாதிப் பெருமை கோட்டாறுப் பெரியவரின் ஊசிக்கு உரியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அடுத்த மாதம் நான்கு பந்துகள் வாங்கப்போகிறேன். அளவு 4 இரண்டு, அளவு 5 இரண்டு. கடைக்குப் போவதற்கு முன் கோட்டாறில் இறங்கி, புதுப் பந்துகளின் வால்வு ஓரத்தை முன்கூட்டியே தைத்துத் தரமுடியுமா என்று அந்தப் பெரியவரிடம் கேட்கவேண்டும். அன்று என்னோடு வருவதாக மூன்று பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். வால்வை அழுத்திப் பார்ப்பது தங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.